பிராட் தெருவுக்குக் கிழக்கே

வீடு அவளுக்கு, வேன் எனக்கு.
துணி துவைக்கும் இயந்திரத்தை
இருவருமே வேண்டாமென்றோம்.
வக்கீல் பேனாவை மூடிய பிறகு
வெர்னெட்டாதான் கேட்டாள்:
"ஐஸ் கடைகளை என்ன செய்வது?"

ஃபிலடெல்பியாவில் ஜூலை மாதம்
இது சிரிக்கிற விஷயமில்லை.
பிராட் தெருவைக் கோடாக வைத்துக்கொண்டோம்.
கிழக்கே உள்ளதெல்லாம் அவளுடையது,
மேற்கே உள்ளதெல்லாம் என்னுடையது.
பத்திரம் இல்லை, கைகுலுக்கல் மட்டும்,
அதுவும் வியர்த்த கை.

என் பக்கம் மூன்று கடைகள்.
மிஃப்லின் தெரு மூலையில் ஸ்பக்னோலாவின் ஜன்னல்.
அங்கே செர்ரி வாங்கினால்
மூன்று நாளைக்கு நாக்கு காட்டிக்கொடுக்கும்.
அப்படியொரு சிவப்பு
நகரத்தில் வேறெங்கும் கிடையாது.
எலுமிச்சைதான் சோகம்:
பழத்தை வீட்டில் மறந்துவிட்டுப்
பெயரை மட்டும் எடுத்துவந்த மாதிரி.
பெட்ரோல் பங்கை ஒட்டி நிற்கும் வண்டியில்
மாம்பழம்கூட உண்டு,
ஆனால் ஐஸ் நறநறவென்று
சுவரைச் சுரண்டித் தின்கிற சத்தம் போடும்.
மூன்றாவது கடையைப் பற்றிப் பேசவேண்டாம்.
பிளாஸ்டிக் கிண்ணம், பிளாஸ்டிக் கரண்டி,
மேலே ஒரு குட்டிக் குடை வேறு.

நல்ல ஐஸுக்குக் கரண்டி எதற்கு?
மடிப்பு மடிப்பாய்க் காகிதக் கிண்ணம்,
அடியில் கட்டைவிரலால் அமுக்கினால்
தூக்கத்திலிருந்து எழுகிற குழந்தை மாதிரி
மெதுவாக மேலே வரவேண்டும்.
கடைசி வாய்க்குள் காகிதம் ஊறி
மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரை ஓர் ஓடை.
குடும்பப் பெயர் சக்கோமான்னோ எனக்கு.
ஆனாலும் இதைச் சொல்லித்தந்தது
வெர்னெட்டாதான்,
வண்டிக்குள் முதல் கிண்ணத்தை நான் கொட்டிய அன்று.

பதினொன்றாம் தேதி வெயில் நூறைத் தாண்டியது.
ஆறாவது தெருவில் குழாய் வெடித்துவிட்டதென்று
என்னைக் கூப்பிட்டார்கள்.
வேலைக்குக் கோடு கிடையாது,
அது எங்கள் ஒப்பந்தத்திலேயே இருந்தது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
குழாயை அடைத்துவிட்டு வெளியே வந்தால்
எதிரே வரிசை.
தீயணைப்புக் குழாயடியில் நனைந்த பிள்ளைகள்,
பையை இறக்கிவைத்த தபால்காரர்,
பலகையில் இன்னும் லிக்காட்டோ என்றுதான் எழுத்து.
கடையை வாங்கிய சோபீப்
எழுத்து மாற்ற ஆகும் செலவில்
எலுமிச்சை வாங்கிவிட்டாளாம்.

தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு
வரிசையில் நின்றேன்.
ஐம்பத்தாறு வயதில் திருட்டு.

அந்த எலுமிச்சை.
தோல் துணுக்குகள் பல்லிடுக்கில் கசந்தன,
புளிப்பு காதுவரை போய்த் திரும்பியது,
நெற்றிப்பொட்டில் ஆணி இறங்கியது.
கண்ணை மூடி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.
ஒரு பையன் கேட்டான்,
"அங்கிள், அழறீங்களா?"
இல்லை, என்றேன்.
தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும்.
குழாய் எதுவும் வெடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வக்கீல் கூப்பிட்டார்,
வேன் பத்திரத்தில் எண் ஒன்று பிழை.
மேசைக்கு அந்தப் பக்கம் வெர்னெட்டா,
ஆய்வகத்திலிருந்து நேராக வந்த நீலச் சீருடையில்.
வணக்கம்கூடச் சொல்லாமல் குனிந்து
கையெழுத்துப் போட்டாள்.
தேதியை எழுதுகையில் பழக்கப்படி
நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டாள்.

சிவப்பு.
மிஃப்லின் தெரு மூலைச் சிவப்பு.

நான் வாயைத் திறக்கவில்லை.
எலுமிச்சைக்கு ஒரு குணம்,
தின்றவனைக் காட்டிக்கொடுக்காது.
ஆனால் அவள் நிமிர்ந்து
என் சட்டைக் கையைப் பார்த்தாள்,
முழங்கை வரை காய்ந்துபோன
அந்தப் பிசுபிசுத்த ஓடையை,
தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

"வேறு ஏதாவது பாக்கி இருக்கிறதா?"
வக்கீல் கேட்டார்.
இல்லை என்றோம் இருவரும்,
ஒரே வேகத்தில்.

திங்கட்கிழமைகளில் எனக்கு
ஆற்றுக்கு அப்பால் கேம்டனில் வேலை,
அது அவளுக்குத் தெரியும்.
சென்ற வாரம் கேம்டன் வேலை முடிந்துவிட்டது.
இந்தத் திங்கட்கிழமையும்
காலையிலேயே பாலத்தைக் கடந்து போய்
மரநிழலில் வேனை நிறுத்தி
ஆறு மணிவரை
வானொலி கேட்டுக்கொண்டிருந்தேன்.